நெல்லிக்கனியும் நாப்பது ரூபாயும்

தர்மபுரிக்காரன்கிட்ட ஊர்ப் பெருமை என்னன்னு கேட்டீங்கன்னா ரெண்டே ரெண்டு விஷயம்தான் சொல்லுவான். ஒண்ணு ஒகேனக்கல். இன்னொண்ணு தகடூர் அதியமான். தனக்குக் கிடைச்ச அபூர்வ நெல்லிக்கனியைத் தான் சாப்பிடாம ஔவைக்குக் கொடுத்தான், சாப்பிட்டா ஆயுசு நீளும்னு. நாலாங் கிளாஸ்ல இருந்து இதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

கதை அதோட முடிஞ்சிடுது பாருங்க, அதான் பிரச்சினை. நீண்ட ஆயுசோட கடைசி அஞ்சு வருஷம் ஔவையை யாரு கைத்தாங்கலா எழுப்பி உட்கார வெச்சா? யாரு துணி மாத்தினா? அதுக்கு ஆன செலவை அதியமான் கஜானா கொடுத்துச்சா? தமிழாசிரியர் யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கல :-)

சிரிச்சிட்டுப் போற விஷயம் இல்ல. எங்க ஆயா மூணு வருஷமா படுக்கையில இருக்காங்க. நான் பெங்களூர்ல பொட்டி தட்டிட்டு மாசம் ரெண்டு தடவை ஊருக்குப் போறவன். பாத்துக்கறது முழுக்க எங்க அம்மா. "கவர்மெண்ட்ல இதுக்கு ஏதாவது பணம் உண்டாடா? நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பாப்பியே"ன்னு அம்மா ஒரு நாள் கேட்டாங்க. அதைத் தேடப் போயி எங்கெங்கயோ போயிட்டேன். இந்தப் பதிவு அதுதான். கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

கொஞ்சம் கொசுவத்தி

தாத்தா ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டினவர். "ஹொகே"ன்னா கன்னடத்துல புகை, புகை எழும்புற கல்லு, அதான் ஒகேனக்கல். சீசனுக்கு நாலு காசு. வெள்ளம் வந்து பரிசலுக்குத் தடை போட்டா வீட்ல கேழ்வரகுக் கூழ். அருவிக்கரையில எண்ணெய் தேய்ச்சு மசாஜ் பண்றவங்களும் அதே மாதிரிதான். கையில பலம் இருக்கற வரைக்கும் சோறு. பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. ஊரான் உடம்பைப் பிடிச்சு விட்டே காலம் கழிச்ச மனுசனுக்கு, தன் உடம்பு முடங்கினப்புறம் பிடிச்சு விட ஆள் இல்ல.

ஆயாவுக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சது. அதுக்கு ரொம்ப முன்னாடியே முதுகு வளைஞ்சிருந்தது. முட்டி மடங்காது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பாத்துட்டு, "எந்த ஊரு? போர்வெல் தண்ணியா குடிச்சாங்க?"ன்னு கேட்டார். எங்க மாவட்டத்துல இந்தக் கேள்வி எல்லாருக்கும் பழக்கம்தான். ஃப்ளோரைடு. இதுக்கு அப்புறம் வரேன்.

நெல்லு அளந்த காலம்

முடியாதவங்களைப் பாத்துக்க பொதுப் பணம் கொடுக்கறதுங்கறது நம்ம மண்ணுக்குப் புதுசில்ல. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயில்ல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு, 11ஆம் நூற்றாண்டு. அங்க ஒரு ஆதுலர் சாலை இருந்தது, அதாவது நோயாளிகளுக்கான இடம். மொத்தம் 15 படுக்கை. வைத்தியர், அறுவை வைத்தியர், மூலிகை கொண்டு வர்றவங்க, நோயாளியைக் கவனிச்சுக்கற பெண்கள், நாவிதர்னு ஒவ்வொருத்தருக்கும் இவ்வளவு நெல்லுன்னு கணக்கு வெட்டி வெச்சிருக்காங்க.

என்னை நிறுத்தி யோசிக்க வெச்சது அந்தப் பெண்கள்தான். பக்கத்துல இருந்து பணிவிடை பண்றதும் வேலைதான், அதுக்கும் கூலி உண்டுன்னு கல்லுல வெட்டியிருக்கான். ரொம்பப் புல்லரிக்கவும் வேண்டாம். அது கோயிலைச் சார்ந்தவங்களுக்கும் அங்க படிச்ச மாணவர்களுக்கும்தான். காட்டோரக் குடிசையில படுத்திருந்த கிழவிக்கு அப்பவும் மருமகதான்.

கணக்கு எழுதினவரே கஞ்சிக்கும் ஆள் எடுத்தார்

முதியோர் உதவித்தொகை வாங்க ஏன் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு வருவாய்த்துறை படி ஏறணும்? சுகாதாரத்துறைக்கோ சமூக நலத்துறைக்கோ ஏன் போகல? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் அரிச்சது. பதிலோட ஒரு நுனி எங்க ஊர்லயே கிடைச்சுது.

1792ல திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில பாராமஹாலை, அதாவது இன்னைக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி இருக்கற பகுதியை, கம்பெனிக்குக் கொடுத்தார். அதை நிர்வாகம் பண்ண வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியா தர்மபுரியில இருந்தவர் தாமஸ் மன்றோ, 1799 வரைக்கும். வயல் வயலா அளந்து, விவசாயி பேர்லயே வரி போடற ரயத்துவாரி முறையை இவங்க இங்கதான் பழகினாங்க. ஒவ்வொரு கிராமத்துலயும் யார்கிட்ட என்ன இருக்குன்னு ஒரு நோட்டு வந்தது. அந்த நோட்டு கர்ணம் கையில.

அப்புறம் 1876-78 தாது வருஷப் பஞ்சம். அப்போ சேலம் ஜில்லாவுல இருந்த நம்ம பகுதியும் கடுமையா அடி வாங்குச்சு. அதுக்கப்புறம் வெள்ளைக்காரன் பஞ்ச விதிகள்னு எழுதினான், 1880கள்ல. உழைக்க முடிஞ்சவன் ரோடு போடு, கல்லு உடை, கூலி வாங்கிக்கோ. உழைக்க முடியாத கிழடு, நோயாளி, பாக்க ஆள் இல்லாதவங்களுக்கு வேலை வாங்காம நிவாரணம். அந்தப் பட்டியலைத் தயார் பண்றது யாரு? கிராம அதிகாரிங்க. வரிக்கு யார்கிட்ட இருக்குன்னு எழுதின ஆளே, கஞ்சிக்கு யார்கிட்ட இல்லன்னும் எழுதினார்.

பரம்பரை கர்ணம், முன்சீப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980ல ஒழிச்சது. வி.ஏ.ஓ. வந்தார். ஆள் மாறிச்சு, நோட்டு மாறல. "உனக்கு என்ன இருக்கு?"ங்கறதுதான் அந்த நோட்டுக்குத் தெரிஞ்ச ஒரே கேள்வி. "உனக்கு என்ன முடியல?"ன்னு கேட்க அதுல காலமே கிடையாது. (டேட்டாபேஸ் ஆளுங்களுக்குப் புரியும்: ஸ்கீமாவுல ஃபீல்டே இல்ல.)

இருபது ரூபாயில ஆரம்பம்

இங்கிலாந்துல 1908ல சட்டம் போட்டு, 1909 ஜனவரியில இருந்து 70 வயசு தாண்டின ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் கொடுக்க ஆரம்பிச்சாங்க. ஜெர்மனியில பிஸ்மார்க் 1889லயே முதியோர் காப்பீட்டுச் சட்டம் கொண்டு வந்துட்டார். அதே ராஜா ஆண்ட நமக்கு அந்த 5 ஷில்லிங் வரல :-(

சுதந்திரத்துக்கு அப்புறம் அரசியல் சட்டத்துல 41ஆவது பிரிவு வந்தது. முதுமை, நோய், ஊனம் இதுக்கெல்லாம் அரசு உதவி பெறும் உரிமையை உறுதி செய்யணும்னு சொல்லுது. கூடவே "பொருளாதார சக்திக்கு உட்பட்டு"ன்னு ஒரு வால். அது வழிகாட்டு நெறி வேற, அதை மட்டும் வெச்சு கோர்ட்டுக்குப் போக முடியாது.

மாநிலங்கள்தான் முதல்ல இறங்கினாங்க. 1957ல உத்தரப் பிரதேசம், 1960ல கேரளா, 1962ல நம்ம சென்னை மாகாணம். காமராஜர் முதலமைச்சரா இருந்த காலம். மாசம் 20 ரூபாய், ஆதரவற்ற முதியவர்களுக்கு. நாளைக்கு 67 பைசா கணக்கு.

மத்திய அரசு வர்றதுக்கு 1995 ஆகஸ்ட் 15 ஆச்சு. நரசிம்மராவ் காலத்துல தேசிய முதியோர் உதவித்தொகைத் திட்டம், மாசம் 75 ரூபாய். 2006ல 200 ஆச்சு. 2007ல இந்திரா காந்தி பேர் வெச்சாங்க. 2011ல வயசை 65ல இருந்து 60க்குக் குறைச்சு, 80 தாண்டினவங்களுக்கு மட்டும் 500 ஆக்கினாங்க. 60லேர்ந்து 79 வரைக்கும் மத்திய அரசோட பங்கு இன்னைக்கும் அதே 200தான். மீதியை மாநிலம் போட்டு ஒப்பேத்துது. தமிழ்நாட்டுல 2011ல ஜெயலலிதா 500ஐ 1000 ஆக்கினார், 2023ல ஸ்டாலின் 1200 ஆக்கினார்.

நாளைக்கு நாப்பது ரூபாய். எங்க ஆயாவுக்கு வாங்கற டயப்பர் ஒண்ணுக்கு ஆகுற காசு கிட்டத்தட்ட அதுதான். ஒரு நாளைக்கு மூணு வேணும்.

தொகை கம்மிங்கறது ஒரு பக்கம். எனக்கு உறுத்துறது வேற ஒரு வார்த்தை: "ஆதரவற்றவர்". 1995 திட்டத்தோட விதியிலயே, சொந்த வருமானமோ குடும்பத்தோட பண உதவியோ இல்லாதவர்னுதான் வரையறை. அதாவது யாரும் பாத்துக்கலன்னா அரசு பாத்துக்கும். யாராவது ஒருத்தி ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து புரட்டிப் படுக்க வெச்சா, அரசுக்கு வேலை இல்ல. பாத்துக்கறவ உழைப்பு செலவுக் கணக்குல வராது. தகுதி நீக்கக் கணக்குலதான் வரும்.

2007ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் இதே கட்சிதான். பிள்ளை பாக்கலன்னா தீர்ப்பாயத்துல மனு கொடு, மாசம் 10,000 வரைக்கும் வாங்கித் தரேன். நல்ல சட்டம்தான், வேண்டாம்னு சொல்லல. ஆனா பணம் பிள்ளை பாக்கெட்டுல இருந்து வரும், கஜானாவுல இருந்து இல்ல.

எங்க வீட்டுக் கதை

அம்மா ஆயாவுக்கு முதியோர் பணத்துக்கு எழுதிப் போட்டாங்க. அந்த அலுவலகத்துல ஒருத்தர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, மகன் இருக்காரா?" இருக்கார். "பேரன்?" பெங்களூர்ல இன்ஜினியர். அவ்ளோதான், ஃபைல் மூடியாச்சு.

நியாயமா பேசணும்னா, அவர் பண்ணது தப்புன்னு எனக்கு அடிச்சுச் சொல்லத் தெரியல. என் சம்பளத்துல டயப்பர் வாங்க முடியும். இருக்கறதே கொஞ்சம் பணம், அது இல்லாதவனுக்குப் போகட்டுமே. ஆனா அம்மா தைச்சிட்டு இருந்தாங்க. ஊர்ல பாதி ஜாக்கெட் அவங்க மெஷின்ல ஓடினதுதான். மூணு வருஷமா அந்த மெஷின் மேல ஆயாவோட துணிமணிதான் மடிச்சு வெச்சிருக்கு. அந்த வருமானம் எந்த நோட்டுல இருக்கு?

திருப்பம் எதிர்பாராம வந்தது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்க. (2004 வரைக்கும் அதுவும் தர்மபுரி மாவட்டம்தான், அதனால நம்ம ஊருன்னு உரிமை கொண்டாடிக்கறேன்.) சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டு வர்ற திட்டம்னுதான் நிறைய பேருக்குத் தெரியும். அதுல படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு வலி தணிப்பு சிகிச்சை நர்சும், பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வர்றது உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் கொடுத்தோம். வந்தாங்க. ஆயாவோட படுக்கைப் புண்ணைக் கழுவி, எப்படிப் புரட்டணும்னு அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தாங்க. என்னோட ஒரு மாச கூகுள் தேடல் பண்ணாததை அந்த நர்சம்மா அரை மணி நேரத்துல பண்ணிட்டாங்க.

போகும்போது, "ஏங்க, இவங்களுக்கு மாற்றுத்திறனாளி பராமரிப்புத் தொகை போடலியா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. நமக்கு அதுவரைக்கும் தோணவே இல்ல. கிழவின்னா முதியோர் பணம்னே யோசிச்சிட்டு இருந்தோம்.

தமிழ்நாட்டுல 75 சதவீதத்துக்கு மேல கடுமையா பாதிக்கப்பட்டவங்களுக்கு மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை இருக்கு. 1500 ரூபாயா இருந்தது, 2023 ஜனவரியில இருந்து 2000. அங்க எங்ககிட்ட முதல்ல கேட்டது "மகன் இருக்காரா" இல்ல, "எத்தனை சதவீதம்?" கேள்வி மாறினதும் ஆயா திடீர்னு தெரிய ஆரம்பிச்சாங்க! ஆம்புலன்ஸ் வாடகைக்கு எடுத்து, மருத்துவக் குழு முன்னாடி படுக்க வெச்சு, சான்று வாங்கி, பணம் வர எட்டு மாசம். வந்தது. ஆயா கணக்குல முதல் 2000 விழுந்த அன்னைக்கு அம்மா சந்தோஷப்பட்டாங்க. அப்புறம் மெதுவா, "எனக்குன்னு இதுல ஒண்ணும் இல்லல்ல"ன்னாங்க. சிரிச்சுட்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல.

2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 24ஆவது பிரிவுல, அதிக உதவி தேவைப்படறவங்களுக்குப் பராமரிப்பாளர் படி பத்தி எழுதியிருக்கு. பக்கத்துல கேரளாவுல ஆஸ்வாசகிரணம்னு ஒரு திட்டம், படுத்த படுக்கையா இருக்கறவங்களைப் பாத்துக்கறவங்க கைக்கே மாசம் 600 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனா "நீ செய்யறது வேலை"ன்னு ஒரு அரசாங்கம் எழுத்துல ஒத்துக்கிட்டது. திருமுக்கூடல் கல்வெட்டுக்கு அப்புறம் எத்தனை நூற்றாண்டு!

தண்ணியும் ஜப்பானும்

ஃப்ளோரைடுக்கு வரேன்னு சொன்னேன்ல. இந்தியாவுல இந்த எலும்பு நோயைப் பத்தின முதல் ஆய்வறிக்கை 1937ல, அப்போ சென்னை மாகாணத்துல இருந்த நெல்லூர் பகுதியில இருந்து வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போனா குடிக்கற தண்ணி ஆகாதுன்னு இந்தியத் தர அளவு சொல்லுது. காவிரி எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஓடினாலும், மாவட்டம் முழுக்க சனங்க குடிச்சது போர்வெல் தண்ணி. பாறைக்குள்ள ஆழமாப் போகப் போக ஃப்ளோரைடு.

2008 பிப்ரவரியில கருணாநிதி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். கர்நாடகாவோட தகராறு, பஸ் நிறுத்தம், எல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2013 மே மாசம் ஜெயலலிதா திறந்து வெச்சார். மதிப்பீடு 1928.80 கோடி. பெரும்பகுதி ஜப்பான் கடனுதவி. தண்ணி வந்துடுச்சு. அடுத்த தலைமுறை எலும்பு தப்பிச்சுது. ஆனா ஆயா எலும்புல ஏறினது இறங்காது. குழாய்க்குப் பணம் கிடைச்சுது, ஏற்கெனவே வளைஞ்ச முதுகுகளைப் பாத்துக்க அந்தத் திட்டத்துல இடமில்ல. குத்தமாச் சொல்லல, அது தண்ணித் திட்டம். ஆனா ஒரே நோயோட ரெண்டு பாதி அது.

அந்தக் கடன் கொடுத்த ஜப்பானையே பாருங்க. அவங்களும் நம்மள மாதிரி மருமக தலையில கட்டுற ஊருதான். 2000 ஏப்ரல்ல நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு கொண்டு வந்தாங்க. 40 வயசு ஆனா எல்லாரும் பிரீமியம் கட்டணும். பாதிச் செலவு பிரீமியம், பாதி வரிப்பணம். எந்த அளவுக்கு முடியலங்கறதை ஏழு படியா பிரிச்சு, அதுக்கேத்த சேவை. மகன் இருக்கானாங்கறது முக்கியமில்ல. குடும்பத்துக்குக் காசா கொடுக்கல, வீட்டுக்கு ஆள் வருது. காசு கொடுத்தா மருமக மறுபடியும் மாட்டிக்குவான்னு அங்க பெண்கள் அமைப்புகள் வாதாடினாங்க. ஜெர்மனி 1995ல ஆரம்பிச்ச காப்பீட்டுல காசாவும் வாங்கிக்கலாம், சேவையாவும் வாங்கிக்கலாம். ரெண்டு நாட்டுக்கும் பொதுவானது, "உனக்கு என்ன முடியல?"ங்கற கேள்விதான்.

நாம ஜப்பான் இல்ல, தெரியும். பிரீமியம் பிடிக்க இங்க முக்காவாசி பேருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. ஆனா கேள்வியை மாத்த ஜப்பான் பணக்காரத்தனம் தேவையில்ல. கேரளா 2008ல வலி தணிப்பு சிகிச்சைக் கொள்கை போட்டு, உள்ளாட்சிகள் மூலமாவே வீட்டுக்கு நர்ஸ் அனுப்ப ஆரம்பிச்சுது. சாமனப்பள்ளியில நாமளும் ஒரு அடி வெச்சாச்சு.

தேடறவங்களுக்கு, என் அனுபவத்துல வரிசை

1. முதல்ல ஆரம்ப சுகாதார நிலையம். மக்களைத் தேடி மருத்துவத்துல பேர் பதியுங்க. இதுக்கு வருமானச் சான்று கேட்கல.
2. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. வயசானதால வந்த முடக்கம்தானேன்னு விட்டுடாதீங்க. கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விசாரிங்க.
3. நிஜமாவே வருமானம் இல்லாதவங்கன்னா இ-சேவை வழியா முதியோர் உதவித்தொகை.
4. முதலமைச்சர் காப்பீடு, 70 வயசுக்கு மேல 2024ல வந்த மத்திய அரசு அட்டை, ரெண்டும் ஆஸ்பத்திரியில சேர்ந்தாதான். வீட்டுல படுத்திருக்கற செலவுக்கு அதை நம்பாதீங்க.
5. எங்க போறதுன்னே தெரியலன்னா 14567, முதியோர் உதவி எண்.

கடைசியா ஒண்ணு. தாத்தாவோட பரிசல் ஓட்டின பெரியப்பா ஒருத்தர் எங்க தெருவுலயே இருக்கார். பக்கவாதம், ஒரு பக்கம் வராது. பெரியம்மா போயிட்டாங்க. மகன் திருப்பூர் பக்கம், போன்கூட எடுக்கறதில்ல. பக்கத்து வீட்டுக்காரங்க ஊத்தற கஞ்சிதான். அவருக்கும் முதியோர் பணம் "மகன் இருக்கார்"னு திரும்பி வந்துடுச்சு. போன ஞாயித்துக்கிழமை உக்காந்து ரெண்டாவது மனு எழுதினோம். விண்ணப்பத்துல "ஆதரவற்றவரா?"ன்னு இருந்த இடத்துல நான் "ஆம்"னு எழுதப் போனேன். அவர் இடது கையால என் கையைப் பிடிச்சுட்டார். "மகன் இருக்கான் சாமி, அனாதைன்னு எழுதாத"ன்னார்.

அரசாங்கத்துக்கு அவருக்கு மகன் இருக்கறது தடை. அவருக்கு மகன் இருக்கறதுதான் மானம். அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கட்டத்துல என்ன எழுதறதுன்னு தெரியாம, கடைசியில அதை விட்டுட்டு, மாற்றுத்திறனாளி விண்ணப்பத்தை முதல்ல எடுத்தோம். அதுல அந்தக் கட்டம் இல்ல. முகாம் அடுத்த மாசம். வண்டி நான் சொல்லியிருக்கேன்.

உங்க ஊர்ல, உங்க வீட்ல இதை எப்படிச் சமாளிச்சீங்க? யாராவது உதவியாளருக்கான தொகை வாங்கியிருந்தா எப்படி வாங்கினீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்.

டிஸ்கி: நான் வரலாற்று ஆசிரியன் இல்ல, கோடு அடிக்கறவன். தப்பு இருந்தா திட்டாம திருத்துங்க மக்கா.